குடைக்கடை, இரண்டு தடவை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பணிமனை மேலாளர் அவர்களே, கணவரை இழந்து நிற்கும் அண்ணி அவர்களே, அவர்கள் பக்கத்தில் இருக்கும் மகளே, ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, கையில் கிரீஸ் காயாததால் உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலில் நிற்கும் மெக்கானிக் தோழர்களே, ஏழாம் நம்பர் பேருந்தில் போய்வந்த பழைய பயணிகளே, முன்வரிசையில் வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டெலிபோன் மேடம் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. முப்பது வருடம் ஓட்டுநர் சீட்டில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டியே பிழைத்தவன் நான். என் முகத்தைவிட என் பிடரியை அடையாளம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கூடத்தில் அதிகம் இருப்பீர்கள். ஐந்து நிமிடம் பேசு என்று தலைவர் சொன்னார். பத்தாகும். இதற்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார்களா என்ன, எனக்கு ஓய்வு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் 'நடத்துநர் திலகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் அண்ணன் இதைப் பார்த்திருந்தால், "யாருப்பா அது, எந்த ஷிப்டு?" என்று கேட்டிருப்பார். அவருக்கு நாம் வைத்த பேர் ஒன்றே ஒன்றுதான். கணீர். நடத்துநர் கணீர். பயணிகளுக்குக் கணீர் சார், மெக்கானிக்குகளுக்குக் கணீர் அண்ணன், வீட்டில் அண்ணிக்குக்கூட, "என்ன கணீர், சோறு ஆறுது" தான். அந்தக் குரல் போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

அவரைப் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். பாராட்டுவேன். ஆனால் அதோடு ஒரு விஷயத்தைச் சொல்லவும் வந்திருக்கிறேன். ஏழு வருடம் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது. சொன்ன பிறகு இந்த மேடையை விட்டு என்னை இறங்கச் சொன்னாலும் இறங்கிக்கொள்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அது போதும்.

பதினாறு வருடம் ஒரே வண்டியில் அவர் பின்னால், நான் முன்னால். எங்களுக்கு நடுவே ஒரு கயிறு. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் கிளம்பு. புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு சுருக்கமாகப் பேசிக் குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் கயிறு எனக்கு மட்டும்தான். பயணிகளுக்கு அவர் குரல். நிறுத்தத்துக்கு நூறு அடி முன்னால் ஆரம்பிப்பார். "பட்டன் கடை இறங்குறவங்க முன்னால வாங்க. ஐஸ் டிப்போ கேட்ட அம்மா, அடுத்தது உங்களுதுதான், தூங்கிடாதீங்க." இன்ஜின் சத்தத்தைத் தாண்டி, பலகைத் தரையின் கடகடப்பைத் தாண்டி, என் காது வரைக்கும் வரும்.

நிறுத்தங்களுக்கு அரசாங்கம் வைத்த பேர் வேறே. தகரப் பலகையில் எழுதிக்கூட வைத்திருந்தார்கள். யாருக்குத் தெரியும் அது? நம் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கணீர் சொன்ன பேர்கள்தான். ஒவ்வொரு பேரும் ஒரு கடை.

பட்டன் கடை ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு? சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் மாதிரிக்கு ஒரு பட்டன் தைத்திருக்கும். ஒருநாள் கணீர் அண்ணனின் சீருடையில் மேல் பட்டன் அறுந்து தொங்கியதை அந்தக் கடைக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஊசியும் நூலுமாக வண்டிக்கே ஏறிவிட்டார். "அசையாதீங்க, குத்திடும்" என்று அவர் தைக்கிற வரைக்கும் ஐம்பது பேர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்துக்குப் போகிறவர்கள்தான், ஒருத்தர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது டைப்ரைட்டர் கடை. வாசலில் போட்டிருக்கும் மெஷினில் எப்போதும் ஒரு தாள் சுருட்டியிருக்கும். பேருந்துக்கு நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒரு தடவை தன் பேரைத் தட்டிப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்தது ஐஸ் டிப்போ. கோடையிலும் அந்த இடத்தில் ரோடு ஈரமாக இருக்கும், மரத்தூள் மிதக்கும், நான் வேகத்தைக் குறைத்துத்தான் போவேன். அப்புறம் கண்ணாடிக்கடை. நடைபாதை ஓரமாக ஆள் உயரக் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நேர்முகத்துக்குப் போகிற பையன்கள் இறங்கியதும் அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்கள், சிலர் அதற்காகவே இறங்கித் திரும்ப ஏறுவார்கள். இரண்டு மணி வராது. நான் திரும்பிப் பார்த்தால், "இருங்க தம்பி, வேலைக்குப் போறவன் ஒழுங்கா சீவிட்டு ஏறட்டும்" என்பார்.

அப்புறம் மார்க்கெட். அந்த இரும்புக் கூரைக்கடியில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிற இரைச்சல் வண்டிக்குள் ஏறி இறங்கும். வாசல் கடிகாரம் எட்டு நிமிடம் வேகமாகவே ஓடும். யாரும் சரி செய்ய மாட்டார்கள், அது சரியாக ஓடினால் ஊரில் பாதிப்பேர் வேலைக்குத் தாமதமாகிவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வோம்.

மார்க்கெட்டின் கடைசி மூலையில் ஒரு குடைக்கடை. விற்பனை கொஞ்சம், பழுது பார்ப்பது அதிகம். வாசலுக்கு மேலே விளம்பரத்துக்காகப் பிரம்மாண்டமான கறுப்புக் குடை ஒன்றைப் பிணைத்திருப்பார்கள். மழை பெய்தால் பேருந்துக்கு நிற்கிற ஜனம் மொத்தமும் அதன் கீழேதான் நிற்கும். அந்தக் கடைக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன்.

என் அண்ணன் அதிகம் பேச மாட்டார். வாயில் எப்போதும் இரண்டு கம்பி இருக்கும், எங்கே பேசுவது? நான் அந்த மூலையைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கையை உயர்த்துவார். ஒரு நாளைக்கு எட்டு நடை. பதினாறு ஹாரன், எட்டுத் தடவை கை. எங்கள் பாசமெல்லாம் அவ்வளவுதான், அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு எங்கே அந்தப் பட்டன் கடை? எங்கே அந்த டைப்ரைட்டரில் நாம் தட்டிய நம் பேர்கள்? ஐஸ் டிப்போ போயிற்று. கண்ணாடிக்கடை போயிற்று. ஒவ்வொன்றாகப் போனபோது நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மார்க்கெட்டைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். பதினோரு நாளில் இரும்புக் கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அன்றைய கடைசி நடையின்போது என் அண்ணன் ரோட்டில் நின்றிருந்தார், அந்தப் பெரிய குடையை மடக்கி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. நான் ஹாரன் அடித்தேன். கை இரண்டிலும் குடை இருந்ததால் அவரால் உயர்த்த முடியவில்லை.

ஒரு வருடம்கூட அவர் தாங்கவில்லை. நோய் என்று டாக்டர் ஏதோ பேர் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்து செத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

கடைகள் போயின. ஆனால் பேர்கள் போகவில்லை. ஏன் போகவில்லை? ஒரு மனிதர் விடவில்லை. வங்கி வந்த இடத்தில் "பட்டன் கடை" என்றார். கார் நிறுத்துகிற இடத்தில் "ஐஸ் டிப்போ" என்றார். புதிதாக ஏறும் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சார் ஐஸு?" என்று கேட்கும். "உருகிடுச்சும்மா, இறங்கு" என்பார். வண்டியே சிரிக்கும்.

நான் சிரிக்கவில்லை. மார்க்கெட் மூலை வரும், தகரத்துக்கு மேலே கிரேன் தெரியும். பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். "குடைக்கடை. குடைக்கடை." மற்ற எல்லாவற்றையும் ஒரு தடவை சொல்கிறவர், இதை மட்டும் இரண்டு தடவை சொல்வார். ஒரு நாளைக்கு எட்டு நடை, பதினாறு தடவை. செத்துப்போன என் அண்ணனின் கடையைப் பதினாறு தடவை என் முதுகில் சொல்வார். நிறுத்துங்கள் அண்ணே, எனக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பி நாலு எட்டு நடந்தால் அவர். நான் நடக்கவில்லை. எங்களுக்குள் மணிக் கயிற்றைத் தவிர வேறு பேச்சு பழக்கமில்லை.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. சங்கத் தோழர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். ஏழாம் நம்பர் நடத்துநர் இல்லாத கடைகளின் பேரைச் சொல்லிப் பயணிகளைக் குழப்புகிறார், நடவடிக்கை எடுக்கவும் என்று. அப்போது இருந்த அதிகாரி விசாரணை வைத்தார். இப்போதைய மேலாளருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் அப்போது இங்கே வரவே இல்லை. இனிமேல் நிறுத்தத்தின் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று கணீர் அண்ணனுக்கு எழுத்தில் கொடுத்தார்கள். வண்டிக்குள் ஒரு பேசும் பெட்டியை மாட்டினார்கள். சங்கம் கொதித்தது. இதே கூடத்தில் கூட்டம் போட்டோம். எழுதினவன் யாரென்று தெரிந்தால் கையை முறிக்கவேண்டும் என்று ஒருவர் பேசினார். 'அவன் கை அழுகிப்போகும்' என்று இன்னொருவர் பேசினார்.

இரண்டாவதாகப் பேசியவன் நான். அந்தக் கடிதத்தை எழுதியவனும் நான்தான்.

இருங்கள். உட்காருங்கள் தோழர், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டேன் அல்லவா.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கணீர் அண்ணன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "விடுங்க தம்பி, கையி அழுகணும்னெல்லாம் சொல்லாதீங்க. எழுதினவனுக்கு என்ன கஷ்டமோ, பாவம்." கை அழுகியிருந்தால் தேவலை என்று எனக்கு அப்போதே பட்டது.

பெட்டி மாட்டிய முதல் நாள் காலை. டெலிபோன் மேடம் எப்போதும்போல எட்டேகாலுக்குத் தபால் மூலை நிறுத்தத்தில் ஏறினார். அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்புப் பிரிவில் வேலை. பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. பதினைந்து வருடமாக அவர் இறங்கும் இடம் குடைக்கடைதான், ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு வாசல் அங்கே. அவருக்குக் கடை இருந்ததும் குரல்தான், கடை இல்லாததும் குரல்தான். அன்றைக்குப் பெட்டி பேசியது. 'வணிக வளாகம், வடக்கு வாசல்' என்றது, 'வணிக வளாகம், கிழக்கு வாசல்' என்றது. மேடம் நிறுத்தங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டி ரோடு பாதி அடைத்திருந்ததால், நடுவில் நான் ஒரு தடவை அதிகமாக நிறுத்தினேன். முன் கதவு வழியாக மேடம் இறங்கினார். அண்ணன் கூட்டத்துக்கு நடுவே பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார், வாயை மூடிக்கொண்டு, உத்தரவுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. பக்கவாட்டுக் கண்ணாடியில் நான் பார்த்தேன். மேடம் ஓரடி எடுத்து வைத்தார், இரண்டாவது அடிக்குத் தரை இல்லை.

இடுப்பெலும்பு முறிந்தது. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நான்கு மாதம் படுத்திருந்தார். இன்றைக்கும் அவர் இந்தக் கூடத்துக்குள் எப்படி நடந்து வந்தார் என்று பார்த்தீர்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதினாறு வருடத்தில் அருகருகே அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான். "இன்னைக்கு வாயை மூடிட்டு நின்னேன்ல தம்பி, அதான்" என்றார். "ஆர்டர் வந்துச்சுல்ல அண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன். "ஆர்டர் கெடக்கு" என்றார். எனக்கு மனசு தாங்காமல் கேட்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? எல்லா ஸ்டாப்பையும் ஒரு தடவ சொன்னீங்க. குடைக்கடைய மட்டும் ஏன் ரெண்டு தடவ சொன்னீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "உங்களுக்காகத்தான், வேற யாருக்கு? அந்த மூலை வந்தா ரெண்டு தடவ ஹாரன் அடிப்பீங்க, உங்கண்ணன் கையைத் தூக்குவாரு. நான் பின்னாலேர்ந்து தினமும் பாத்திருக்கேன். இடிச்சதுக்கப்புறம் நீங்க ஹாரனைத் தொடுறதே இல்ல. நீங்க வாய் திறந்து எதுவும் சொல்லவும் மாட்டீங்க. சரி, ஹாரனுக்குப் பதிலா நாமளே ரெண்டு தடவ சொல்லுவோம்னு நெனச்சேன். உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு. இருந்துச்சா?"

தோழர்களே, 'இருந்துச்சு அண்ணே' என்றேன்.

அதற்கப்புறம் அந்த விபத்தைக் காரணம் காட்டி அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் போட்டார்கள். ஒற்றைச் செருப்பும் டிபன் டப்பாவும் மூக்குக்கண்ணாடியும், நடுவில் அந்தக் குரல். மேடம் குணமாகி வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து காலை எட்டேகாலுக்கு அவர் தபால் மூலையில் நின்றார். ஊழியருக்குப் பயணம் இலவசம், ஆனால் டிக்கெட் வாங்கினார். "பயணி பேசக் கூடாதுன்னு ஆர்டர் இல்லையே" என்றார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி சொல்லி முடித்ததும் அவர் மெதுவாகச் சொல்வார். பட்டன் கடை, மேடம். ஐஸ் டிப்போ, மேடம். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். ஐந்து வருடம் என் வண்டியில்தான் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் மார்க்கெட் மூலை வந்ததும் எனக்குக் கேட்கிற மாதிரி உயர்த்துவார். இரண்டு தடவை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னையும் ஏழாம் நம்பரையும் ஒரே மாதத்தில் ஓய்வு பெறச் செய்தார்கள். வண்டியை எடைக்குப் போட்டார்கள், என்னை அதுவும் செய்யவில்லை. அதே ரோட்டில் இப்போது வேறு எண்ணில், கதவு தானாக மூடுகிற பேருந்து ஓடுகிறது. அதிலும் அண்ணன் போனார். ஏழு வருடம், ஞாயிறு தவிர. எதற்காக? அவர் செய்யாத தப்புக்காக. என் தப்பை அவர் தினமும் காலையில் டிக்கெட் வாங்கிச் சுமந்தார், நான் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நடந்ததை அண்ணி சொன்னார்கள். தபால் மூலைக்குக் கிளம்பி, வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கால் போட்டாகிவிட்டது. இன்னொன்றைக் கையில் எடுத்தவர், "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். எட்டு என்று சொல்லிக்கொண்டே அண்ணி வெளியே வருவதற்குள் சாய்ந்துவிட்டார். தபால் மூலையில் மேடம் மூன்று பேருந்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறார். நாலாவது வந்தபோது, இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

கடிதம் என்னுடையது என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே தோளில் கைபோட்டாரா, தெரியாமல் போட்டாரா? இனி யாரைக் கேட்பேன்? அண்ணி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மேடம், உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சங்கம் என்ன முடிவு எடுத்தாலும் கட்டுப்படுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவோம். என் உறுதிமொழி சின்னது. நாளை காலை எட்டேகாலுக்கு நான் தபால் மூலையில் நிற்பேன். டிக்கெட் வாங்குவேன். பக்கத்தில் உட்கார எனக்கு அருகதை இல்லை என்று மேடம் நினைத்தால் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அதுவும் வேண்டாமென்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் குரல் கணீர் குரல் இல்லை. ஆனால் பதினாறு வருடம் முதுகால் கேட்ட பேர்கள், ஒன்றும் மறக்காது. கால் நடக்கிற வரைக்கும் வருவேன்.

மேடம் எழுந்து நிற்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், மேடம் ஏதோ கேட்கிறார். உங்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். 'ஐஸ் டிப்போவுக்கு அப்புறம் என்ன வரும்?' என்று கேட்கிறார்.

கண்ணாடிக்கடை, மேடம்.

அதற்கு அப்புறம் என்ன என்கிறார்.

மார்க்கெட், மேடம்.

அதற்கு அப்புறம்?

குடைக்கடை, மேடம். குடைக்கடை.